கோவூர் கிழாரும் பிறர்பொருட்டு உரைத்தலும்

பிறர்க்கு வருந் துன்பங் கண்டு அரசன் முன்னர் வாய் திறத்தல் எளிய செயலன்று. பேசவேண்டிய இடத்துப் பேசாதிருத்தல் அறத்திற்கு இழுக்கு. பேசும் முறை அறியாது பேசுதலோ, காக்கக் கருதப்பட்டார்க்கே கேடாய் முடிதலும் உண்டு. ஆகலின், உரைக்குந் துணிவு ஒன்றே அமையாது. உரைக்குங் காலமும், அவ்விடத்திற்கேற்ற சொல்லும் அறிதல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு வாய்ந்தவராய்ச் சங்கச் சான்றோருள் விளங்குபவர் கோவூர் கிழார். 1894-ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை அச்சிட்டு வெளிப்படுத்திய பின்னரே இச்சான்றோரின் செயல்கள் தமிழுலகிற் பலரும் அறியக் கிடைத்தன.

அந்நூலுள் 44 முதல் 47 வரையுள்ள நான்கு பாட்டுக்களும் இவர் பாடியன. நான்கும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. பாட்டுக்களின் இறுதியிற் காணும் குறிப்புக்கள் புலவர் எழுதியன அல்ல. பின்வந்தோர் மரபறிந்து சேர்த்தன. எனினும் பாட்டையும் குறிப்பையும் வேறுவேறாக நோக்கி, ஒன்றனால் ஒன்றனை விளக்கிக் கொள்ளின், நிகழ்ந்தவை ஒருவாறு புலனாகும்.

சோழன் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகைமை மூண்டது. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருந்தான். அந்நிலையிற் பாடியது 44-ஆம் பாட்டு. கோட்டையகத்து யானைகள் நீராடுதலும் கவளமும் இன்றிக் கட்டுத்தறியைச் சாய்த்து முழங்குகின்றன. குழவிகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் பூவற்ற கூந்தலை முடிக்கின்றனர். மனைகளில் நீரின்றிக் கூவும் ஓசை எழுகின்றது. இவற்றைக் கேட்டுக்கொண்டு வாளா இருப்பது அரசனுக்கு ஆகாது என்கின்றார் புலவர். அறத்தை மேற்கொள்ளின் நாடு உனதே என்று கூறிக் கதவைத் திறக்கலாம். மறத்தை மேற்கொள்ளின் போர்க்கென்று திறக்கலாம். இரண்டும் இன்றி மதிலின் ஒருபுறத்தே ஒடுங்கிக் கிடத்தல் எண்ணுங்கால் நாணத் தக்கது என்பது அவர் உரை. ஈண்டு அவர் வெல்வார் தோற்பாரைப் பற்றிப் பேசவில்லை. அடைபட்ட ஊரில் தமக்கென வாயில்லாத குழவிகளின் பசியே அவர் சொல்லைத் தூண்டியது என்க.

உறையூரை நலங்கிள்ளி முற்றியபோது பாடிய 45-ஆம் பாட்டு இருவரையும் ஒருங்கே நோக்கியது. எதிர்த்து நிற்பவன் பனம்பூச் சூடிய சேரன் அல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையும் அன்று. இப்போர் கண்டு உடல் பூரிப்பவர் பிற வேந்தரே என்று அவர் எடுத்துக் காட்டுகின்றார். நலங்கிள்ளியைப் புகழ்ந்து பல பாட்டுக்கள் பாடி அவன்பால் அன்பு பூண்டவர் இவர். அங்ஙனமாகவும், தம்மைப் போற்றியவன் பக்கமே நியாயம் என்று ஒருதலைப்படப் பேசாமை அவர்தம் நடுவுநிலைக்குச் சான்றாகும்.

இனி, 46-ஆம் பாட்டு உள்ளத்தை உருக்குவது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமான் மக்களை யானைக் காலில் இடுவிக்கத் துணிந்தான். குற்றம் செய்தற்கும் அறியாத இளஞ்சிறார் அவர். தம்மைக் கொல்ல வந்த யானையைக் கண்டு அழுகையை மறந்தனர். பின் மன்றத்துக் கூடியிருந்த புதியவரை நோக்கி அஞ்சி, முன்னர் அறியாத துயரம் ஒன்றை எய்தினர். இதனைப் பாட்டே கூறுகின்றது. கோவூர் கிழார் அரசனைக் கொடியன் என்று இகழவில்லை. புறாவின் துன்பம் நீக்கிய முன்னோன் மரபில் வந்தவன் நீ. கற்றோரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்ட குடியிற் பிறந்தவர் இவர் என்று இரு குடியின் பெருமையையும் அருகருகே வைத்தார். சிறாரின் நிலையைக் கண்டவாறே கூறினார். கேட்டனையாயின், நீ விரும்பியதைச் செய்க என்று கூறி நிறுத்திக்கொண்டார்.

அவ்விறுதி மொழியின் திறம் ஆராய்தற்குரியது. ஆணையிடும் உரிமை அரசனது. அதனைப் புலவர் பறிக்கவில்லை. ஆயினும், உண்மை முழுதும் செவிப்பட்டபின் செய்வது எதுவாயினும் அஃது அறியாமையாற் செய்ததாகாது. பொறுப்பு முழுதும் அரசன் தோள்மேல் ஏறிவிடுகின்றது. கடுஞ்சொல் கேட்டிருப்பின் சினம் பெருகித் தன் ஆணையை நிலைநாட்டவே அவன் முனைந்திருத்தல் கூடும். அந்நேரத்து இழுக்குற்றால் இழப்பது புலவரின் பரிசில் அன்று, சிறாரின் உயிர். ஆகலின் நெடுங்கிள்ளிக்கு நாணம் என்று இடித்துரைத்த அதே நா, ஈண்டு அடங்கி நின்று உரைத்தது. சிறார் உய்ந்தனர் என்று பாட்டின் குறிப்புக் கூறுகின்றது.

கிள்ளிவளவன் பிறர் சொற் கேளா மன்னனும் அல்லன். வெள்ளைக்குடி நாகனார் 35-ஆம் பாட்டைப் பாடி, அவனிடம் பழைய நிலவரிக் கடனை நீக்கிக்கொண்டார் எனக் குறிப்பு உண்டு. அவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழாரும் 36-ஆம் பாட்டில், வெளிவந்து பொராதானோடு பொருதல் நாணுத் தருவது என்று உரைத்தார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்று திருவள்ளுவர் கூறிய நெறியை நோக்க, அவனைச் சூழ இத்தகைய சான்றோர் இருந்தமை அவன் நற்பேறே.

47-ஆம் பாட்டுப் புலவர்தம் உயிர்க்கே இடர் விளைக்கத் தக்க நிலையில் எழுந்தது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதிக் காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அவனுக்காக முன்வந்து பேசியவர் கோவூர் கிழார். அவரும் நலங்கிள்ளியைப் பாடியவரே. இளந்தத்தன்மேல் விழுந்த ஐயம் தம்மேலும் விழுதற்கு எல்லா ஏதுவும் இருந்தது. ஐயுறப்பட்டானுக்குத் துணை நிற்பாரும் ஐயுறப்படுதல் எக்காலத்தும் உலகியல்பு அன்றோ? அதனை அறிந்தே அவர் பேசினார். பரிசிலர் பறவைபோல் நெடுவழி கடந்து வள்ளல்களை நாடுவர். பெற்றது கொண்டு மகிழ்ந்து சுற்றத்தை ஊட்டித் தாமும் உண்பர். வைத்துக் காவாது வழங்குவர். கற்ற கல்வியால் எதிர்த்தாரை நாணச் செய்து தலைநிமிர்ந்து செல்வதல்லது பிறர்க்குத் தீங்கு நினையார் என்று அவர்தம் வாழ்க்கையை விரித்தார். ஒருவனுக்குப் பிணை நிற்கப் புகுந்தவர், புலவர் குலம் முழுதிற்கும் பிணை நின்றார்.

இவர் போர் என்றாலே வெறுத்தவர் அல்லர். கிள்ளிவளவனின் படையெடுப்பால் பகைவர் நாடு நடுங்குவதை 41-ஆம் பாட்டில் விரித்துப் பாடியவரும் இவரே. எதற்கும் எப்பொழுதும் தடை கூறுவார் சொல்லுக்கு அரசவையில் மதிப்புக் குறைதல் இயல்பு. கோவூர் கிழார் பேசிய இடங்களை ஒருங்குவைத்து நோக்கின் மூன்று செய்திகள் விளங்கும். துன்புறுவார் தமக்காகத் தாம் பேச இயலாதவர். கூறும் செய்தி புலவர் நன்கு அறிந்தது. வெகுளியோ அச்சமோ பற்றி அரசன் அறத்தின் எல்லையைக் கடக்க நின்ற நேரம் அது. இம்மூன்றும் கூடியவிடத்துத் தம் நலத்தை அவர் எண்ணினாரல்லர். வெல்லவும் கொல்லவும் எழுந்தானைச் சந்து கூறி மாற்றும் 45, 46, 47-ஆம் பாட்டுக்களைத் துணைவஞ்சி என்னும் துறையில் அடக்கினர் முன்னோர்.

அவர் சொல் எல்லாவிடத்தும் பயன்பட்டது என்றற்கும் இல்லை. 46, 47-ஆம் பாட்டுக்களின் குறிப்பு உய்யக்கொண்டமையைக் கூற, ஆவூர், உறையூர் முற்றுகைகளைப் பற்றிய குறிப்புக்கள் பாடியமையை மட்டுமே கூறுகின்றன. பயன் உறுதி என்றால்தான் பேசுவேன் என்று அவர் காத்திருந்தாரல்லர். மன்னன் கொள்ளானாயினும் உறுதி உரைத்தல் உடனிருப்பார்க்குக் கடன் என்பதே வள்ளுவர் துணிபும் ஆகும்.

மலையமான் நாடு பின்னாளில் மலாடு என வழங்கிற்று. அந்நாட்டுத் திருக்கோவலூரில் அரசிருந்த மெய்ப்பொருள் நாயனாரைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் வைத்துப் போற்றினார். திருநீற்று வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை வெட்ட ஓங்கிய தத்தனை, அவர் நம்மவர் என்று தடுத்து, ஊரவர் எவரும் தீங்கு செய்யாவண்ணம் எல்லை கடத்தி விடச் செய்தார் அந்நாயனார். அச்செய்தி கேட்கும் வரை தம் உயிரையும் தாங்கியிருந்தார். கோவூர் கிழார் குற்றமற்றவர்க்காகப் பேசினார். நாயனாரோ வேடத்தின் பெருமை நோக்கித் தம்மைக் கொன்றானுக்காகவே பேசினார். முன்னது அறத்தின்பாற்படும், பின்னது அன்பின்பாற்படும். ஒருகாலத்து அயலான் ஒருவன் சொல்லால் தன் சிறார் உயிர் பிழைத்த நாடு, மற்றொருகால் தன் அரசன் சொல்லால் பகைவன் உயிர் பிழைக்கக் கண்டது.