மருத்துவரை உருவாக்கிய உபகாரச் சம்பளம்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அந்நான்கு. இந்நான்கிற்கும் பின்னால் ஐந்தாமவர் ஒருவர் மறைந்து நிற்கிறார். நோய் தீர்ப்பவன் மாணவனாக இருந்த நாளில் அவனுக்குச் சோறும் புத்தகமும் கிடைக்கப் பொருள் தந்தவரே அவர். அவர் பெயரை நோயாளி அறியார். பல வேளைகளில் மருத்துவரும் மறந்துவிடுவார். நாம் குடியேறி வாழும் இம்மாநகர், இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா, அத்தகைய ஐந்தாமவர்களின் வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. வரலாற்றுப் புலமை எனக்கில்லை. ரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதுபவன். எனினும், மாதந்தோறும் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்துசேரும் சிறு தொகையின் அருமையை அறிந்தவன் என்னும் உரிமையோடு இதனை எழுதுகிறேன்.

ஏழு ரூபாய்

1835-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் பெண்டிங்க் பிரபுவின் ஆணையால் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றியது. பதினான்கு முதல் இருபது வயது வரையுள்ள இளைஞர் சாதி மத வேறுபாடின்றி விண்ணப்பிக்கலாம் என்று அவ்வாணை கூறிற்று. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ நூற்றுவர். தேர்வில் வென்று சேர்ந்தோர் 49 பேர். இவர்களிடம் கல்லூரி கட்டணம் கேட்கவில்லை. மாறாக, ஒவ்வொருவருக்கும் மாதம் 7 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. கல்வியில் முன்னேற்றம் காட்டினால் அத்தொகையை உயர்த்தவும் வழி வைத்தது.

கட்டணம் வாங்கிக் கற்பிப்பதே உலக வழக்காயிருக்க, பணம் கொடுத்துக் கற்பித்தது ஏன்? பிணத்தைத் தொட்டு அறுத்துப் பயிலும் கல்வி அது. அதற்குப் பிள்ளையை அனுப்பும் வீடு, ஊராரின் ஏச்சையும் உறவினரின் விலக்கையும் எதிர்பார்த்தே அனுப்ப வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழிகள் இருந்தன. அறிவும் வறுமையும் ஒருங்கே உடையவனை அழைக்க வேண்டுமாயின், அவன் வீட்டு அடுப்பெரிய வழி செய்தாக வேண்டும். இதனை அன்றைய ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். 1836-இல் பண்டித மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்துக் காட்டிப் புதுநெறி வகுத்தார். கத்தியைப் பிடித்த அவர் கையை வரலாறு போற்றுகிறது. அவரைப் பின்பற்றிய மாணவரின் வயிற்றைக் காத்த ஏழு ரூபாயையும் நாம் போற்றுதல் தகும்.

துவாரகநாதரின் கொடை

அரசு தந்தது ஒருபுறமிருக்க, தனியொருவர் தந்த கொடையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கவி இரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர் 1836-இல் கல்லூரி மாணவர்க்குப் பரிசுகள் வழங்க ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் மூன்றாண்டுகளுக்குத் தர முன்வந்தார். 1845 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, நான்கு வங்க மாணவர்கள் பேராசிரியர் குடீவுடன் கப்பலேறினர். அவர்களுள் இருவரின் செலவைத் துவாரகநாதர் தாமே ஏற்றார். மற்ற இருவருக்குக் குடீவும் பொதுநன்கொடையும் துணை நின்றனர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று அஞ்சிய காலம் அது.

நால்வரும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயின்றனர். துவாரகநாதர் 1846 ஆகஸ்டில் லண்டனிலேயே காலமானார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. அந்நால்வருள் ஒருவரான சூர்யகுமார் சக்கரவர்த்தி, 1855-இல் இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வில் வென்று, அப்பணியில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்னும் புகழை எய்தினார். ஆங்கிலேயருக்கே உரியதென்று கருதப்பட்ட கதவு, பிறர் பொருளால் படித்த ஒருவரின் கையால் திறந்தது.

பெண்களுக்குத் திறந்த கதவு

கல்கத்தாக் கல்லூரி ஆடவர்க்குச் சம்பளம் கொடுத்து அழைத்தது உண்மை. ஆனால் பெண்களுக்கு அது நெடுங்காலம் கதவடைத்தே இருந்தது. இங்கு நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே 1882-இல் அபலா தாஸ் என்னும் வங்க நங்கை, வங்க அரசின் உபகாரச் சம்பளத்துடன் சென்னைக்குச் சென்று மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அவர் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாகி, பெண் கல்விக்குப் பெருந்தொண்டாற்றினார். நாம் பிழைப்புத் தேடி வடக்கே வந்தோம். அவர் கல்வி தேடித் தெற்கே சென்றார்!

அடுத்த ஆண்டே கல்கத்தாவும் மனம் மாறியது. 1883-இல் கல்லூரியின் எதிர்ப்பை மீறி அரசு ஆணையிட, காதம்பினி கங்குலி சேர்ந்தார். பெண் மாணவர்க்கு மாதம் 20 ரூபாய் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. 1886-இல் அவர் மருத்துவராக வெளிவந்தார். 1885-இல் டஃப்ரின் சீமாட்டியார் தொடங்கிய நிதியும் நாடெங்கும் பெண்கள் மருத்துவம் பயில உதவித்தொகை வழங்கியது.

நிற்க. சியால்தா நிலையத்தில் இறங்கி வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர் நீலரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியின் வாயிலைக் கடந்திருப்பர். அதுவே பழைய காம்ப்பெல் மருத்துவப் பள்ளி. 1890-களில் அங்கே பயின்றவர் ஹேமவதி சேன். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி விதவையானவர். பின்னர் மறுமணம் செய்துகொண்டவர். வீட்டுப் பொறுப்பையும் படிப்பையும் ஒருங்கே சுமந்து முதலிடம் பெற்றார். தங்கப் பதக்கம் அவருக்கே உரியது. ஆனால் ஒரு பெண்ணுக்கு அது போகலாகாதென்று ஆண் மாணவர்கள் கிளர்ச்சி செய்தனர். முடிவில் அவர் வெள்ளிப் பதக்கத்துடன் அமைந்தார். பின்னர்ச் சின்சுராவில் டஃப்ரின் மகளிர் மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றினார். பதக்கம் பறிபோனாலும் படிப்பு பறிபோகவில்லை.

நாம் கற்பது என்ன?

இவ்வரலாறு மூன்று உண்மைகளைக் கூறுகிறது. முதலாவது, பரிசு வேறு, உபகாரச் சம்பளம் வேறு. பரிசு, வென்றவனை ஆண்டுக்கொருமுறை பாராட்டும். உபகாரச் சம்பளம், வெல்லும்வரை அவனை உயிரோடு வைத்திருக்கும். இரண்டாவது, தொகையின் பெருமையினும் தவறாமை பெரிது. மாதம் பிறந்ததும் வரும் ஏழு ரூபாய், என்றோ வரும் நூறு ரூபாயினும் மேலானது. மூன்றாவது, பெறுபவன் நாணும்படி தரலாகாது. 1835-இல் அதற்குச் சம்பளம் என்றே பெயர், பிச்சை என்றல்ல.

இன்று அரசுக் கல்லூரிக் கட்டணத்திற்கும் தனியார் கல்லூரிக் கட்டணத்திற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கும் விடுதிச் செலவு, உணவு, புத்தகம், பயணம் என்று ஐந்தாண்டுக்கு மேல் சுமை நீள்கிறது. கடன் கிடைக்கலாம், ஆனால் கடன் பட்ட மருத்துவன் ஏழை நோயாளியின் வாசலை நாடுவது அரிது.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொன்னாடையும் பரிசுக் கோப்பையும் வழங்குகிறது. அது நன்றே. அத்துடன், குடும்பத்திற்கு மாதமொரு சிறுதொகை எனத் திரட்டி, காலனியில் மருத்துவம் பயிலும் ஒரு பிள்ளைக்கேனும் படிப்பு முடியும்வரை தவறாது அளிக்கலாகாதா? செல்வர் ஒருவர் துவாரகநாதராதல் அரிது. மாதச் சம்பளக்காரர் நூறுபேர் கூடினால் துவாரகநாதராதல் எளிது. நாளை ஒரு மருத்துவர் நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போது, ஐந்தாமவராக நம் சங்கம் அங்கே நிற்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!