பூசிய மூடி

சித்தேரி மலையில் தோழர் ஒருவர் புதுசாகக் கக்கூஸ் கட்டியிருந்தார். குழி மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டு, “இனி பத்து வருசத்துக்குக் கவலையில்ல” என்றார்.

எனக்குக் கவலை வந்தது. செப்டிக் டேங்கில் தண்ணி வெளியே போகும், கசடு அடியில் தங்கும். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருதரம் லாரியை வரவழைத்து ஓஸ் போட்டு உறிஞ்சிவிட்டால் தீர்ந்தது. திறக்காமலே போட்டுவைத்தால் கசடு இறுகிப்போகும், ஓஸ் இழுக்காது. அப்போதுதான் ‘ஆள் கூப்பிடு’ என்பார்கள். எந்தத் தெருவுக்குப் போய்க் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே விஷவாயு.

1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூஸைத்தான் தடுத்தது. டேங்குக்குள் இறங்குகிறவரை அது பார்க்கவேயில்லை. எடுப்புக் கக்கூஸை இடித்து டேங்க் கட்டியதையே விடுதலை என்று பேசினார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று சொல்ல 2013 சட்டம் வரவேண்டியிருந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனாலும் சாவு நிற்கவில்லை.

“பூச்சை உடைச்சிடுங்க தோழர்” என்றேன். “மூடிக்குக் கைப்பிடி வையுங்க. லாரி நிக்கிற பாதையிலிருந்து ஓஸ் எட்டுமான்னு இப்பவே அளந்து பாருங்க.”

அவர் கடப்பாரை எடுக்கப் போனார்.