ஏரிக்கு யார் படியளந்தார்கள்?

உத்திரமேரூர் குடவோலை முறையைப் பள்ளியில் படிக்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களில் யார் உறுப்பினராகலாம், யார் ஆகக்கூடாது, ஓலையை எப்படி எடுக்க வேண்டும் என்று வரிவரியாக விதிக்கின்றன. தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆறு பேரும் ஏரியைப் பராமரிக்கப் பணத்துக்கு எங்கே போனார்கள் என்று அது கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஏரிகள் கடைசி இருநூறு ஆண்டுகளில் தூர்ந்துபோனதன் காரணத்தை அறிய, அந்தப் பணத்தின் பின்னால்தான் போக வேண்டும்.

ஏரி என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் சொத்து அல்ல. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சரிவின் குறுக்கே மண்ணால் ஒரு கரை. அதில் மதகு, மிகுந்த நீர் வழிய ஒரு கலிங்கு. மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. ஒவ்வொரு மழையிலும் கரை கொஞ்சம் கரையும், வரத்துக்கால்வாய் மேடாகும், வண்டல் வந்து படியும். ஓர் ஊர் தன் கரையைக் கவனிக்காமல் விட்டு அது உடைந்தால், கீழே இருக்கும் நான்கைந்து ஊர்களின் கரைகளுக்கும் ஆபத்து. ஆக, பயிர் விளைகிறதோ இல்லையோ, ஏரிக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. அந்தச் செலவுக்கு ஆண்டுதோறும் வரவும் இருந்தாக வேண்டும்.

பழைய ஊர்ச்சபைகள் இந்தக் கணக்கைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தன. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘ஏரிப்பட்டி’ என்று ஒருவகை நிலம் வருகிறது. அதன் விளைச்சல் வருமானம் ஏரிப் பராமரிப்புக்கு என்றே ஒதுக்கப்பட்டது. செல்வர்கள் சபையிடம் பொன்னை முதலாக வைப்பார்கள். முதல் கரையாமல் இருக்கும், வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும். ஓடம் ஓட்டிச் சேறு அள்ளிக் கரையில் கொட்டவும் இப்படி அறக்கட்டளைகள் இருந்தன. சில ஊர்களில் ஏரி மீன் குத்தகையும் தூர் வாருவதற்கே போயிற்று. விஜயநகர ஆட்சியில் வடக்குப் பகுதிகளில் ‘தசபந்தம்’ பரவியது: ஏரியை வெட்டியவருக்கோ பழுதுபார்த்தவருக்கோ அதன் பாசன நிலத்தில் அல்லது வருவாயில் ஒரு பங்கு மானியம். ஏரி பாழானால் மானியத்துக்கும் மதிப்பில்லை. தர்மமும் லாபமும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தன.

பாண்டிய நாட்டு ஏரிகளான கண்மாய்களில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் தெரியும். கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள், இரண்டு கல் தூண்கள். அவற்றைக் குறுக்கே இணைக்கும் கற்பலகைகள். அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு குமிழ். தண்ணீர் திறந்துவிடும் ஊர் ஊழியரான நீர்க்கட்டி நீந்திப்போய்க் குமிழைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். தொட்டியின் அடிப்பக்கத்தில் சேறோடித் துளைகளும் உண்டு. மேலே நல்ல தண்ணீர் இறங்கும்போதே கீழே சேறும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். புதுக்கோட்டைப் பக்கம் இத்தகைய தூம்புக் கற்கள் பலவற்றில், அதைச் செய்துகொடுத்தவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. செலவு செய்தவரை ஊர் மறக்கவில்லை.

அந்தக் குமிழைத் தூக்கியவரின் கூலி எங்கிருந்து வந்தது? களத்திலிருந்து. அறுவடையான நெல்லை மேல்வாரம் (அரசின் பங்கு), குடிவாரம் (உழவரின் பங்கு) என்று பிரிப்பதற்கு முன்பே பொதுக் குவியலிலிருந்து சில பங்குகள் எடுக்கப்படும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, காவல்காரருக்கு, நீர்க்கட்டிக்கு, ஏரிக்கு. ‘மேரை’, ‘சுதந்திரம்’ என்று இவற்றுக்குப் பெயர். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகிரில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் நடத்திய அளவாய்வு சுமார் 2,000 ஊர்களைப் பதிவுசெய்தது. அந்த ஊர்களின் ஓலைக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வரலாற்றாய்வாளர் தரம்பாலும் அவரோடு சேர்ந்து உழைத்த ஆய்வாளர்களும் அவற்றைப் படித்துக் காட்டிய சித்திரம் இதுதான்: ஊர் விளைச்சலில் ஒரு கணிசமான பங்கு அரசனின் கைக்குப் போகும் முன்பே ஊரின் பொதுக் காரியங்களுக்குப் பிரிந்துவிட்டது. ஏரி, அரசன் மனமிரங்கி நிதி ஒதுக்கும்வரை காத்திருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். தண்ணீரை நியாயமாகப் பிரித்துக்கொடுத்தவருக்கு அந்தத் தண்ணீரில் விளைந்த நிலத்தில் உரிமை அபூர்வம். ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், ‘நீரின் ஆட்சி’ என்ற பொருள்படும் தலைப்பில் 2003இல் வெளியிட்ட நூலில், கண்மாய் நிர்வாகமும் சாதி, அதிகாரப் படிநிலையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று விரிவாகக் காட்டுகிறார். கரை வேலைக்கு ஆள் வந்தது ஊர்ப்பற்றால் மட்டும் அன்று. வரமாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள் இருந்ததாலும்தான். ஏரியைக் காத்த பொருளாதாரம் கச்சிதமானது. நீதியானது என்று அதைச் சொல்லிவிட முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது உடைந்தது இந்தப் பங்கீடுதான். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஏரியை அலட்சியப்படுத்தினார்கள் என்பதும் தவறு. மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வரும் கலெக்டர் லயோனல் பிளேஸ், 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டில் இருந்தபோது ஏரிகளைப் பழுதுபார்க்க உண்மையாகவே பாடுபட்டவர். ஆனால் ஒரு நல்ல கலெக்டர் ஒரு வருமானத்துக்கு ஈடாக மாட்டார்.

கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ வலியுறுத்திய ரயத்துவாரி முறை 1820க்குப் பின், ஜமீன் பகுதிகள் நீங்கலாக, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. பட்டாதாரர் தம் வயலுக்கு நேராக அரசுக்குப் பணமாக வரி கட்ட வேண்டும். நஞ்சைக்குப் புஞ்சையைவிட வரி அதிகம். அந்தக் கூடுதல் வரி, உள்ளபடி பார்த்தால், ஏரித் தண்ணீரின் விலை. அது முழுவதும் சென்னைக் கஜானாவுக்குப் போயிற்று. களத்துப் பொதுக் குவியலே இல்லாமல் போனபின், அதிலிருந்து ஏரிக்கு எடுத்துவைக்க எதுவும் மிஞ்சவில்லை. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஆராய்ந்து, பணியோடு பிணைந்திருந்த பலவற்றைத் தனிச் சொத்தாக மாற்றியது. நிலம் இருந்தது, நிலத்தோடு கட்டியிருந்த கடமை அவிழ்ந்துபோனது.

விளைவு கண்ணுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் எடுத்த அரைகுறைக் கணக்கிலேயே 53,000 ஏரிகள் இருந்தன. அவற்றில் 10,000 பழுதாகிக் கிடந்தன. வரவைப் பறித்த அரசு, செலவை மட்டும் ஊரின் பழக்கம் என்று ஊரிடமே விட்டது. ‘குடிமராமத்து’ என்பது குடிகள் காலங்காலமாகச் செய்துவந்த கடமை என்று அறிவித்து, 1858இன் முதல் சட்டமாகக் கட்டாய உழைப்புச் சட்டத்தையே கொண்டுவந்தது. ஒரு வேலையைச் செய்யவைக்கச் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், அதைச் செய்யும் காரணம் ஊரில் ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. இலங்கையில் குளங்களைப் பராமரிக்க ஆள் தந்துவந்த ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தது சரிதான், அதன் இடத்தில் வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. வன்னியிலும் அனுராதபுரப் பக்கத்திலும் குளங்கள் தூர்ந்தன. 1856இல் நெற்காணிப் பாசனத்துக்கென ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, ஊர்க் கூட்டத்தின் பழைய விதிகளுக்கு அரசே மீண்டும் உயிர்கொடுக்க வேண்டிவந்தது. தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை திரும்ப வந்தார். அங்கே அடுக்கடுக்காக இணைந்த குளங்களின் ‘எல்லங்கா’ அமைப்பை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் ஏற்றது.

சென்னை மாகாணத்துக்குப் பாடம் பஞ்சத்தில்தான் கிடைத்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைத் தின்றது. அதன் பிறகே, 1883இல், ஏரிகளை ஒவ்வொன்றாக அளந்து சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. அளவை அருமையானது. ஆனால் அளந்து, மதிப்பீடு போட்டு, முறை வந்து ஓர் ஏரியைச் செப்பனிடுவதற்குள் முதலில் செப்பனிட்டது மறுபடி தூர்ந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் கண்மாய்களும் அரசின் கைக்கு வந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் இன்று சுமார் 39,000 ஏரிகள். 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த ஏரிப் பாசனம், 2000க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் 6 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இடையில் வந்தது கிணறும் மோட்டாரும். கடன் கொடுத்துக் கிணறு வெட்டச் சொன்னார்கள், பிறகு மின்சாரத்தையும் இலவசமாக்கினார்கள். வசதியுள்ள விவசாயிக்குத் தன் வயலிலேயே தண்ணீர் கிடைத்தது. கரை வேலைக்குப் போக அவருக்கு அவசியம் இல்லை. ஏரியை நம்பி மிஞ்சியவர்கள் கிணறு வெட்ட முடியாத ஏழைகள். அவர்கள் பேச்சு எடுபடாது. ஆயக்கட்டில் கிணறு பெருகப் பெருக ஏரி நிர்வாகம் தளர்வதைக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பொருளியலாளர் க. பழனிசாமி பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக் காட்டிவந்திருக்கிறார். அந்தக் கிணறுகளில் தண்ணீர் ஊறுவதே ஏரியால்தான் என்பது இதில் பெரிய சோகம்.

நகரத்தின் ஓரத்தில் கணக்கு இன்னும் கொடியது. மாம்பலம் நெட்டேரி 1920களில் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் நிற்கிறது. மனை விலையோடு நெல் விலை ஒருநாளும் போட்டிபோட முடியாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் சட்டம் வந்தது. ஆக்கிரமித்தவர் குடிசைக்காரர் என்றால் அது பாயும். அரசுக் கட்டடம் என்றால் கோப்போடு நின்றுவிடும்.

2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது: 100 கோடி ரூபாய், 1,519 பணிகள், விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதே ஆண்டில் விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. இரண்டில் இரண்டாவதே புத்திசாலித்தனமானது. வண்டல் வயலுக்குப் போனால் நிலமும் வளம்பெறும், ஏரியும் ஆழப்படும், கஜானாவிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. ஒருமுறை கோடிகளைக் கொட்டித் தூர்வாரிவிட்டுப் பத்து ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருப்பதை ஏரி தாங்காது.

இத்தனைக்கும் ஏரி இன்றும் ஏழை அல்ல. மீன் ஏலம் போகிறது, உள்வாயில் நட்ட கருவேல மரங்கள் ஏலம் போகின்றன, வண்டலுக்கும் விலை இருக்கிறது. ஆனால் அந்த வருமானத்தை ஒரு துறையோ ஊராட்சியோ வாங்கிக்கொள்கிறது, கரையை இன்னொரு துறை பார்க்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றிவிட்டது. அந்தச் சங்கங்களின் கையில், அந்தந்த ஏரியின் சொந்த வருமானத்தைச் சேர்க்க வேண்டும். நிலமில்லாதவர்களுக்கும் நீர்க்கட்டிகளுக்கும் அதில் உறுப்புரிமையும் ஊதியமும் வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஏரியில் அடுத்த மீன் ஏலம் நடக்கும்போது, அந்தப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, அதில் எவ்வளவு கரைக்குத் திரும்புகிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.