டிரைப்பின் கேமராக்களும் தஞ்சைக் கல்வெட்டும்

தஞ்சைப் பெரிய கோயிலின் பழைய ஒளிப்படங்களைப் பார்த்தவர்களுக்கு லின்னேயஸ் டிரைப் என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். 1858இல் அப்படங்களை எடுத்த அவர் தொழில்முறைக் கலைஞரல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணிபுரிந்தவர். விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கற்றார். 1853இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். திரும்பி வந்ததும் 1854 இறுதியில் சொந்த ஆர்வத்தால் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் அவை பாராட்டுப் பெற்றன. அதே 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் படமெடுப்பவராகச் சேர்க்கப்பட்டார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

அவருடைய முதன்மைக் கருவி, ஏறத்தாழ 12க்கு 15 அங்குல நெகட்டிவை ஏற்கும் பெரிய மரப்பெட்டிக் கேமரா. அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லை; நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவுதான். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டியைச் சுமந்தாக வேண்டும். நெகட்டிவாகப் பயன்பட்டதோ காகிதம். மெழுகேற்றி வெள்ளி உப்பு பூசி முன்கூட்டியே அணியம் செய்து வைக்கலாம். உலர்ந்த நிலையிலேயே வெளிச்சம் காட்டி, பிறகு வசதியான இடத்தில் உருத்துலக்கலாம். அதற்குள் பரவத் தொடங்கியிருந்த கொலோடியன் முறையில் கண்ணாடித் தகடு நுணுக்கமான கோடுகளைத் தெளிவாகக் காட்டும். ஆனால் அதைப் பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கியும் விட வேண்டும். ஈதர் கலந்த கரைசல் நம் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைப் கண்ணாடியையும் கையாண்டார். இரு கண்களுக்கும் தனித்தனியே பதிந்து ஆழம் தோன்றச் செய்யும் சிறிய இரட்டைப் படங்களையும் எடுத்தார். எனினும் நெடும்பயணத்தில் அவருக்குக் கைகொடுத்தது காகிதமே. அவர் படங்களில் கோயில் முற்றங்கள் பெரும்பாலும் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு, நிமிடக்கணக்கில் நீண்ட வெளிச்சம் காட்டும் நேரமும் ஒரு காரணம்; நடந்துபோகும் மனிதர் அதில் பதிவதில்லை.

1857 டிசம்பரில் தொடங்கிய சுற்றுப்பயணம் சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எனச் சில மாதங்கள் நீண்டது. தஞ்சைத் தொகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர், பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்.

என்னை மிகவும் ஈர்ப்பது தஞ்சையில் அவர் செய்த வேறொரு பணி. விமான அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் இராசராசன் காலக் கல்வெட்டை, சுவரை ஒட்டிக் கேமராவை நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாகப் பதிவு செய்தார். 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்தபோது 19 அடிக்கும் மேல் நீண்ட ஒரே படம் கிடைத்தது. இன்று கைப்பேசியை மெல்லத் திருப்பினால் அகலப்படம் தானே உருவாகிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு முறையும் முக்காலி பெயர்ந்தது, தொலைவும் வெளிச்சமும் ஒத்திருக்க வேண்டியிருந்தது. ஹளேபீட்டில் அழகைத் தேடிய ஆர்வலர், இங்கே வரியின் தொடர்ச்சியைத் தேடுகிறார். இக்கல்வெட்டுகளின் பாடம் ஹுல்ட்ஷ் பதிப்பாக அச்சில் வரத் தொடங்கியது 1891இல்தான்.

எழுத்தை வாசிப்பதற்கு மைப்படியே ஏற்றது என்பது உண்மை. ஆனால் மைப்படி சுவரிலிருந்து எழுத்தைப் பிரித்து எடுத்துவிடுகிறது. டிரைப்பின் படத்தில் வரி எந்தக் கல்லில் முடிந்து எந்தக் கல்லில் தொடர்கிறது, எங்கே கல் சிதைந்துள்ளது என்பன 1858இன் நிலையிலேயே தெரிகின்றன. மொழியியல் பயின்றவர்களுக்கு இது சிறு செய்தியன்று. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. அச்சுப் பதிப்பில் நாம் காணும் பாடம் பதிப்பாசிரியர் முடிவு செய்துவிட்ட வாசிப்பு. படத்தில் அந்த ஐயம் அப்படியே இருக்கும்.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை மிகை ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். பல ஆண்டுகள் கழித்துப் பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர அவரிடமிருந்து வேறெதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1902இல் காலமானார். சிக்கன நடவடிக்கை என்பார்கள். ஒரு கோயிலின் அதிட்டானத்தில் தொடங்கிய முறை பிற கோயில்களுக்கும் சென்றிருக்கக்கூடும் என்பதே என் வருத்தம்.

டிரைப்பின் பயணத்தடத்தில் சித்தூரும் திருப்பதியும் இல்லை. அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த இப்பகுதியில், திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பில் 1931 முதல் தேவஸ்தானம் வெளியிட்ட ஆறு தொகுதிகள்தாம் இன்றும் எங்களுக்கு ஆதாரம். கோயிலுக்குள் கேமராவுக்கோ கைப்பேசிக்கோ அனுமதியில்லை. ஒரு சொல் ரகரத்தில் முடிகிறதா காலில் முடிகிறதா என்ற ஐயம் எழுந்தால், தரிசன வரிசையில் நகர்ந்தபடியே சுவரைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, மலையிறங்கியபின் குறிப்பேட்டில் வரைந்துகொள்கிறேன்.