சுடுகாட்டு மல்லி மருந்துப் பயிரான வரலாறு



நித்தியகல்யாணிச் செடியைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. வருஷம் பூராவும் பூப்பதால் நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பக்கம் தானாக முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி. வெள்ளை, ரோஜா நிறங்களில் ஐந்து இதழ்ப் பூ. எதிரெதிராகப் பளபளக்கும் இலை. இலை கசப்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. இடுப்பளவுகூட வளராத இந்தக் குறுஞ்செடி உலகம் போற்றும் மருந்தானது எப்படி என்று பார்ப்போம்.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு. 18-ஆம் நூற்றாண்டில் விதை பாரிஸ் நகரத் தோட்டத்துக்கும், பிறகு லண்டனுக்கும் போனது. 1759-ல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். அழகுக்காக வளர்த்த செடி வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. போன இடங்களில் ஜனங்கள் கை வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். முக்கியமாகச் சர்க்கரை வியாதிக்கு.

1952-ல் ஜமைக்கா தீவிலிருந்த ஒரு டாக்டர், அங்கே சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த இலைக் கஷாயத்தைக் குடிப்பதைப் பார்த்து, 25 இலைகளை உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்டபோது ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. நோய்க் கிருமியை எதிர்க்கச் சக்தியில்லாமல் எலிகள் செத்தன. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று இலையைத் தூக்கி எறியவில்லை. வெள்ளை அணுவைக் குறைக்கும் பொருள், அந்த அணுக்கள் அளவுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயை அடக்காதா என்று யோசித்தார்கள்.

சார்லஸ் பீர் என்ற வேதியியல் நிபுணர் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க, 1958-ல் செய்தி வெளிவந்தது. அதுதான் வின்பிளாஸ்டின். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியாரும் இதே செடியை ஆராய்ந்து வந்தார்கள். 1961-ல் வின்பிளாஸ்டினும், 1963-ல் வின்கிறிஸ்டினும் அங்கே மருந்தாக அனுமதி பெற்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து வின்கிறிஸ்டினை இன்றும் கொடுக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதனால்தான் இது பயிராயிற்று. வேரிலுள்ள அஜ்மலிசின் என்ற பொருளுக்கும் கிராக்கி உண்டு. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடுகிறார்கள்.

சாகுபடி சிரமமில்லை. தண்ணீர் தேங்காத மணற்பாங்கான நிலம் நல்லது. தேங்கினால் நுனி கருகிச் செடி பட்டுப்போகும். மழை தொடங்கும் சமயத்தில், ஏக்கருக்கு ஒரு கிலோ புது விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து விதைக்கலாம். நாற்று விட்டால் 200 கிராம் போதும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிக்கலாம். பன்னிரண்டாம் மாதம் தரைக்கு மேல் நாலு விரல்கடை விட்டுச் செடியை அறுத்து, நிலத்தை நனைத்து உழுது வேரை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். இலை, தண்டு, வேர் மூன்றையும் தனித்தனியாகக் கட்டுங்க.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். இதை உள்ளூர்ச் சந்தையில் விற்க முடியாது. வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் பேசிக்கொண்ட பிறகே விதை போடுங்க. ஈஸ்டைக் கொண்டு வின்பிளாஸ்டினின் மூலப்பொருள்களை உண்டாக்கும் வழியை 2022-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாளைக்கு இலைக் கிராக்கி மாறலாம்.

இரண்டாவது, உயிர் விஷயம். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னாலும் இலையையோ பூவையோ மென்று தின்னாதீங்க. கஷாயம் வைத்துக் குடிக்காதீங்க. புற்றை அடக்கும் அதே பொருள் நல்ல அணுக்களையும் அழிக்கும். எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில்கூட ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். வயலில் இது பயிர்; அடுப்பில் ஏறினால் விஷம்.