கல்கத்தாத் துறையிலிருந்து தமிழகராதி வரை: வின்சுலோ குடிவழி

முன்னுரை

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னோடிக் குடியேறிகளின் குடிவழியைத் தேடித் தொகுப்பது தனியொரு வரலாற்றுத் துறையாகவே வளர்ந்துள்ளது. மேற்கே நிலம் தேடிச் சென்றோரின் வரலாறே அதில் பெரும்பகுதி. அதே காலத்தில் கடல் கடந்து கிழக்கே வந்து தமிழரிடையே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களும் உண்டு. அவற்றுள் மைரன் வின்சுலோவின் (1789–1864) குடும்பத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 1862இல் தமிழ் – ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டவர் என்ற ஒரு குறிப்போடு இலக்கிய வரலாறுகள் அவரைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றன. அவ்வகராதிப் பணிக்குப் பின்னால் ஓர் உறவு வலை இருந்தது என்பதும், அதன் தொடக்கம் கல்கத்தாவோடு பிணைந்தது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும்.

கல்கத்தாவின் மறுப்பு

1812 சூனில் அடோனிராம் ஜட்சன், சாமுவேல் நியூவெல் ஆகியோர் தம் மனைவியருடன் கல்கத்தாவில் வந்திறங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவர்கள் தங்க இசையாமல் வெளியேறப் பணித்தது. அவ்வாண்டிலேயே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டிருந்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது. மொரீசியசு சென்ற நியூவெல் அங்குத் தம் மனைவியை இழந்தார். 1813இல் இலங்கையை அடைந்தார். இலங்கை கம்பெனியின் ஆட்சியில் இல்லாது அரசரின் நேரடி ஆட்சியில் இருந்தமையால் அங்கு இசைவு கிடைத்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் தொடங்க இதுவே வழியமைத்தது. கல்கத்தா மறுத்திராவிடின் அமெரிக்கரின் தமிழ்ப்பணி யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

1819 சூனில் 'இண்டஸ்' என்னும் கப்பல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. வின்சுலோ, ஸ்பால்டிங், உட்வர்ட், ஸ்கடர் ஆகிய நால்வரும் தம் மனைவியருடன் அதில் வந்தனர். பாஸ்டன் வணிகக் கப்பல்களுக்குக் கல்கத்தா பழகிய துறைமுகம். ஆகவே இவர்களும் முதலில் அங்கு இறங்கியே யாழ்ப்பாணம் சென்றனர். மருத்துவர் ஜான் ஸ்கடரின் பெண்குழந்தை கல்கத்தாவிலேயே இறந்தது. அவருடைய பேர்த்தியே பின்னாளில் வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் (1870–1960). இவ்வாறு தமிழகம் நன்கறிந்த இரு குடும்பங்கள் ஒரே கப்பலில் வந்துள்ளன.

உறவும் அகராதியும்

வின்சுலோவின் மனைவி ஹேரியட் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் லாத்ரப் குடும்பத்தில் 1796இல் பிறந்தவர். 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். 1833இல் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். புதிய அமெரிக்க மிசனரிகள் இலங்கைக்கு வருதலை 1820 முதல் அரசு தடுத்திருந்தது. அத்தடை நீங்கியபின் அவருடைய தங்கையர் மூவரும் ஹட்சிங்ஸ், பெரி, செரி ஆகிய மிசனரிகளின் மனைவியராக அங்கு வந்தனர்.

இவ்வுறவு அகராதி வரலாற்றுக்கு இன்றியமையாதது. ஜோசப் நைட் தொடங்கிய சொற்றொகுப்புப் பணி பலர் கைமாறி வின்சுலோவிடம் வந்தது. நைட், ஸ்பால்டிங் ஆகியோரின் ஆங்கில – தமிழ் அகராதியைத் திருத்தி 1844இல் வெளிக்கொணர்ந்தவர் சாமுவேல் ஹட்சிங்ஸ். ஸ்பால்டிங் வின்சுலோவுடன் ஒரே கப்பலில் வந்தவர். ஹட்சிங்ஸ் அவருக்குச் சகலை. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட பேரகராதி தனியொருவர் ஆக்கம் அன்று என்பதைக் குடிவழி இவ்வாறு உறுதிப்படுத்துகிறது. முகப்பேட்டில் இடம்பெறாத லாத்ரப் சகோதரியரே இவ்வுறவின் கண்ணிகள்.

பின்வந்த தலைமுறை

வின்சுலோவின் மகள் ஹேரியட்டை மணந்த ஜான் வெல்ஷ் டல்லஸ், சென்னையில் சில ஆண்டுகள் மிசனரியாகப் பணியாற்றியவர். சென்னை, நீலகிரி, கல்கத்தா ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1855இல் வெளிவந்தது. அவருடைய பேரர்களே அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லசும் (1888–1959), உளவுத்துறைத் தலைவர் ஆலன் டல்லசும் (1893–1969). தமிழகராதி தந்தவரின் கொள்ளுப்பேரர்கள் பனிப்போர்க் கால உலக அரசியலை வழிநடத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இக்குடிவழியை நான்கு தலைமுறைக்கும் தொடர முடிவதற்குக் காரணம் அச்சான நினைவு நூல்களும் மிசன் பதிவுகளுமே. மனைவியின் வாழ்க்கையை வின்சுலோவே எழுதி 1835இல் வெளியிட்டார். ஆயினும் அத்தகைய நூல்கள் மிசனை ஆதரித்தோருக்காக எழுதப்பட்டவை என்பதை உளங்கொண்டே அவற்றைச் சான்றாக ஆளுதல் வேண்டும்.

நூலுக்கு 'வழி' கூறுதல் நம் பாயிர மரபு. வின்சுலோ அகராதிக்கு வழி கூறப் புகுவோர் அமெரிக்கக் குடும்பத்தோடு நின்றுவிடுதல் பொருந்தாது. 58,500 சொற்களுடன் 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியைத் தொகுத்த சந்திரசேகர பண்டிதர், வின்சுலோவுக்குத் துணைநின்ற முகவை இராமாநுச கவிராயர் ஆகியோரின் குடிவழியும் மாணாக்கர் வழியும் இதே அளவு நுணுக்கத்துடன் எழுதப்படல் வேண்டும். சிறப்புப்பாயிரம், சாற்றுகவி, ஏட்டுச்சுவடிகளின் இறுதிக் குறிப்பு ஆகியன அதற்கு உதவும். வந்தோர் மரபும் இருந்தோர் மரபும் இணைந்தாலன்றித் தமிழகராதியின் வரலாறு முழுமையுறாது.