கலயத்தில் தடவிய சுண்ணாம்பு: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையில் பனஞ்சாற்றின் வரலாறு

பிரான்சின் ஷாப்லி போன்ற குளிர்நிலங்களில் ஷார்டனே திராட்சை மெல்லப் பழுப்பதால் அதன் இயற்கைப் புளிப்பு குறையாமல் நிற்கிறது. அப்புளிப்பே அதன் மது பல ஆண்டுகள் கெடாதிருக்கத் துணைசெய்கிறது. கேரள-தமிழ்நாட்டு எல்லையருகே உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் பனஞ்சாறோ, பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களால் புளிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் கள்ளாகி, மேலும் வைத்தால் காடியாகிவிடும். இவ்வெப்பநிலத்தில் புளிப்பைத் தடுக்க மக்கள் கண்ட வழி சுண்ணாம்பு.

பனையேறி காலையும் மாலையும் மரமேறி, பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை மெல்லிதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாற்றின் காரத்தன்மை மிகுந்து நுண்ணுயிர்கள் அடங்கும். அவ்வாறு இறங்கும் இனிய சாறே பதநீர், இவ்வட்டாரத்தில் அக்கானி எனப்படுவது. அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சேர்வது கள்.

இவ்வூர்கள் அடங்கிய தென்திருவிதாங்கூரில் பனையேறுதல் பெரும்பாலும் நாடார்களின் தொழிலாகவும், தென்னையில் கள்ளிறக்குதல் ஈழவர்களின் தொழிலாகவும் இருந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தின் அருவிப்புறத்தில் 1888இல் சிவப்பிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு, மதுவை நஞ்செனக் கண்டு, அதை ஆக்கவும் கொடுக்கவும் அருந்தவும் வேண்டாமெனப் பின்னர்த் தம் ஈழவ மக்களுக்கு அறிவுறுத்தினார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையமோ, தேனீ வளர்ப்போடு கருப்பட்டித் தொழிலையும் சீர்செய்ய முயன்றது. பனையேறியைத் தொழிலிலிருந்து அகற்றாமல், அவர் இறக்கும் சாற்றைக் கள்ளாகாமல் விற்கத்தக்க பண்டமாக்கும் வழி இது.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியது. விளவங்கோடு, கல்குளம், அகத்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் 1948 முதல் முழு மதுவிலக்கு நடந்த சென்னை மாநிலத்தைச் சேர, தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு சேர்ந்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. கேரளம் பழைய கொச்சி அரசின் கொல்லம் ஆண்டு 1077 (கி.பி. 1902) அப்காரிச் சட்டத்தை, அதாவது மது உற்பத்தியையும் விற்பனையையும் வரிக்கும் உரிமத்துக்கும் உட்படுத்தும் சட்டத்தை, 1967இல் மாநிலம் முழுவதற்கும் விரித்து, 1969இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தையும் இயற்றியது; 1996இல் சாராயத்தைத் தடைசெய்தபோதும் கள்ளுக்கடைகளை விட்டுவைத்தது. தமிழ்நாடு பனையை 1978இல் மாநில மரமாக்கிற்று, ஆயினும் இடையில் அனுமதித்திருந்த கள்ளை 1987 ஜனவரி 1 முதல் மீண்டும் தடைசெய்தது.

இதனால் ஒரே இனமரம், ஒரே அரிவாள், ஒரே உழைப்பு ஆகியவற்றிலிருந்து வரும் கள் எல்லைக்கு இப்பால் கேரளத்தில் உரிமமுள்ள தொழிலாகவும் அப்பால் தமிழ்நாட்டில் குற்றமாகவும் பிரிந்தது. தமிழ்நாட்டுப் பனையேறியின் தொழில் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பதைக் கலயத்தின் சுண்ணாம்பே தீர்மானிப்பதாயிற்று. மதுவிலக்கின் வரலாற்றை அரசாணைகளை மட்டும் கொண்டு எழுதுவோர் இந்த வேறுபாட்டையும், அதனால் உயரமான மரத்தில் ஏறி உயிரைப் பணயம் வைத்தவர் இழந்த வருவாயையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.